பதினாறாம் வாய்ப்பாட்டில் காலியான கோட்டை

கற்பூரம் ஏற்றி, அதை வெறுங்கையால் அணைத்துச் சத்தியம் செய்கிறேன்: இந்தக் கதையில் ஓர் எழுத்துக்கூடப் பொய் இல்லை. அந்தக் கோட்டையை விட்டு ஒரு கணமும் அகலாத ஒருவர் தம் வாயால் என்னிடம் சொன்னது. நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். நம்புகிறவர்கள் கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள், காற்று வரட்டும்.

முன்னொரு காலத்தில் ஒரு நாடு. பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், வேண்டாம். அதன் ராஜா பக்கத்து நாட்டுக் கல்யாணத்துக்குப் போனார். பந்தியில் பாயசம் ஊற்றும்போது அந்த ஊர் ராஜா, "எங்கள் பள்ளியில் தோற்ற பிள்ளை என்று ஒன்றுகூடக் கிடையாது" என்று பெருமையடித்தார். நம் ராஜாவுக்குப் பாயசம் கசந்தது. ஊர் திரும்பியதும் கால்கூடக் கழுவாமல் சபையைக் கூட்டினார்.

"நம் பள்ளியிலும் தோற்ற பிள்ளை ஒன்றுகூட இருக்கக் கூடாது. வழி என்ன?"

தலைமை அமைச்சர் கனகசபேசர் எழுந்தார். "மிக எளிது, மகாராஜா. தோற்கிற பிள்ளைகளைக் கோட்டைக்கு வெளியே அனுப்பிவிட்டால், உள்ளே மிஞ்சுகிறவர்கள் எல்லோரும் தேறியவர்கள்தானே?"

சபை 'ஆகா' என்றது. அந்தச் சபைக்கு அதைத் தவிர வேறு எதுவும் சொல்லிப் பழக்கமில்லை.

கோட்டைப் பள்ளியின் ஆசிரியை ஆவுடையம்மாளை அழைத்து உத்தரவைச் சொன்னார்கள். பதினாறாம் வாய்ப்பாட்டைத் தடுமாறாமல் ஒப்பித்தால் தேர்ச்சி; தடுமாறினால் வெளியே.

ஆவுடையம்மாள் கைகூப்பினார். "மகாராஜா, உப்பு வியாபாரி மகள் மாரியாயி இப்போதுதான் பள்ளிக்கு வரத் தொடங்கியிருக்கிறாள். புளியங்கொட்டையைக் குவித்துக் குவித்துத்தான் கணக்குப் போடுவாள். மெதுவாகப் போடுவாள், சரியாகப் போடுவாள். அவளைத் துரத்தினால் நாளை முதல் உப்பு மூட்டை சுமக்கப் போய்விடுவாள். அப்புறம் அவளுக்குப் பள்ளி ஏது?"

"இத்தனை நாள் நீ என்ன சொல்லிக்கொடுத்தாய்?" என்று சீறினார் கனகசபேசர்.

"யானைகளை எண்ணச் சொன்னீர்கள், எண்ணினேன். தேருக்கு ஆள் பிடிக்கச் சொன்னீர்கள், பிடித்தேன். ராணியம்மா ஊர்வலத்தில் குடை பிடிக்கவும் நான்தான். நடுவில் நேரம் கிடைத்தபோது பாடம் நடத்தினேன், ஐயா."

சபையின் கோடியில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வேறு யார்? அரசவை விகடன் மிளகுச்சாமிதான். ஆள் மிளகளவு, நாக்கும் மிளகேதான். ராஜா வெற்றிலையை முதலில் அவனுக்குக் கொடுத்துவிட்டுத்தான் அமைச்சருக்குக் கொடுப்பார். அந்த வெற்றிலை கனகசபேசர் வயிற்றில் நெடுநாளாக எரிந்துகொண்டிருந்தது.

"சிரிக்கிறவரே தேர்வை நடத்தட்டும், மகாராஜா" என்றார். "தோற்றவர் ஒருவர் கோட்டைக்குள் மிஞ்சினாலும் மிளகுச்சாமி நாட்டை விட்டே போக வேண்டும்."

பிள்ளையைத் துரத்தினால் பாவம், துரத்தாவிட்டால் பிழைப்பே போச்சு. மிளகுச்சாமி தலையைச் சொறிந்தான். "உத்தரவை இன்னொரு முறை சொல்லுங்கள், அமைச்சரே. மறந்து தொலைப்பேன்."

"தேர்வில் தோற்றவர் எவரும் கோட்டைக்குள் இருக்கக் கூடாது!"

"எவரும்?"

"எவரும்! தயவு தாட்சண்யமே கிடையாது!"

ராஜா தலையசைத்து, முத்திரை மோதிரத்தை மிளகுச்சாமியிடம் கொடுத்தார்.

மறுநாள் காலையில் தேர்வு. சில பிள்ளைகள் வாய்ப்பாட்டை ஒரே மூச்சில் கொட்டினார்கள். மாரியாயி ஆறு பதினாறு வரை வந்தாள். ஏழில் நின்றாள். விரல்கள் மட்டும் பாவாடையில் எதையோ எண்ணின.

"வெளியே!" என்றார் கனகசபேசர்.

"பொறுங்கள், தேர்வு முடியவில்லை" என்றான் மிளகுச்சாமி. "கோட்டைக்குள் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். தாங்களே தொடங்குங்கள், ஐயா. ஒரு பதினாறு பதினாறு..."

"என்ன விளையாட்டு இது?"

ராஜாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "சொல்லுங்களேன், கனகசபேசரே!"

அமைச்சர் நான்கில் தடுக்கினார். சேனாதிபதி மூன்றிலேயே வாளை உருவினார். தலைமைக் கணக்கர் ஆடி ஆடி அழகாகச் சொல்லிக்கொண்டு போனார். நடுவில் யாரோ தும்ம, ஆட்டம் நின்றது, வாய்ப்பாடும் நின்றது. சமையல்காரர்கள், குதிரைக்காரர்கள், ராணியம்மா எல்லோரும் தோற்றார்கள். கடைசியில் ராஜா.

"ஆறு பதினாறு தொண்ணூற்றாறு, ஏழு பதினாறு..." கண்ணை உருட்டினார். "நூற்றெட்டு."

"எப்படி, மகாராஜா?"

"மங்களமான எண்ணாக இருக்கட்டுமே என்று..."

மிளகுச்சாமி தரையில் விழுந்து வணங்கினான். "வெளியே பல்லக்கு காத்திருக்கிறது, மகாராஜா. உத்தரவு தங்களுடையது. நானும் வருகிறேன், எனக்கு இரண்டோடு சரி."

கோட்டை காலியாயிற்று. ஆவுடையம்மாள் தேறியவர்தான், ஆனாலும் மாரியாயியின் கையைப் பிடித்துக்கொண்டு முதல் ஆளாக நடந்தார். தேறிய பிள்ளைகளும் அப்பா அம்மா பின்னாலேயே ஓடிவிட்டார்கள். மிஞ்சியது ராணியம்மாவின் பச்சைக் கிளி ஒன்றுதான். பள்ளிக்கூட ஜன்னலுக்கு எதிரே தொங்கி, பதினாறாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகவும் ஒப்பிக்கும் கிளி அது. போகிறபோக்கில் மிளகுச்சாமி கூண்டுக் கதவைத் திறந்ததும் நேரே பறந்துபோய்ச் சிம்மாசனத்தில் உட்கார்ந்தது.

"எதிரி வந்தால்?" என்று பதறினார் சேனாதிபதி.

"கிளியிடம் கேட்டுவிட்டுச் சண்டை போடட்டும்" என்றான் மிளகுச்சாமி.

உச்சி வெயில். அடுப்பு உள்ளே, சமையல்காரர்கள் வெளியே. ராஜாவுக்குப் பசி காதை அடைத்தது. ஒரு வேப்ப மரத்தடியில் மாரியாயி புளியங்கொட்டைகளைக் குவித்துக்கொண்டிருந்தாள். ராஜா மெல்லக் கிட்டே போனார்.

"எனக்கும் இடம் உண்டா?"

"செருப்பைக் கழட்டிட்டு வாங்க. கொட்டை சிதறிடும்."

ராஜா கழற்றிவிட்டு உட்கார்ந்தார். "தப்பாகப் போட்டால் அடிப்பார்களா?" என்று கிசுகிசுத்தார்.

"ஆவுடையம்மா அடிக்க மாட்டாங்க. கலைச்சிட்டு மறுபடி போடுன்னுவாங்க. அவ்வளவுதான்."

ராஜா குவித்தார். ஒரு குவியலில் பதினேழு விழுந்தது. கலைத்தார், மறுபடி குவித்தார். அவசரப்பட்டு ஒன்றை விட்டார். மாரியாயி அதை எடுத்து அவர் பக்கம் தள்ளினாள். ஏழு குவியலும் முடிந்து கூட்டிப் பார்த்தபோது நாடாளும் ராஜா துள்ளி எழுந்தார்.

"நூற்றுப் பன்னிரண்டு! கனகசபேசரே, நூற்றுப் பன்னிரண்டு ஐயா!"

"எனக்கும் அதேதான் வந்துச்சு" என்றாள் மாரியாயி. "காலையில கொஞ்சம் நேரம் குடுத்திருந்தா சொல்லியிருப்பேன்."

ராஜா அவளைப் பார்த்தார். பூட்டிக் கிடந்த கோட்டையைப் பார்த்தார். உள்ளேயிருந்து கணீரென்று வாய்ப்பாடு கேட்டது. பிறகு சிரித்தார் பாருங்கள், வேப்பம்பழமெல்லாம் உதிர்ந்தது.

"உத்தரவு ரத்து! தோற்றவர்களுக்குத்தான் பள்ளிக்கூடம், தெரிகிறதா? மிளகுச்சாமி, இந்தா முத்துமாலை. வேறென்ன வேண்டும்?"

"யானைகளை இனி யானைப்பாகன் எண்ணட்டும், மகாராஜா. ஆவுடையம்மாளைப் பள்ளிக்கூடத்திலேயே விட்டுவிடுங்கள்."

"அப்படியே ஆகட்டும். கனகசபேசரே, ராணியம்மாவுக்குக் குடை பிடிக்கும் வேலை காலியாக இருக்கிறது. காலையில் மாரியாயி பக்கத்தில் உட்கார்ந்து வாய்ப்பாடு, மாலையில் குடை."

கதவைத் திறந்து எல்லோரும் உள்ளே போனார்கள். கிளி மட்டும் சிம்மாசனத்தை விட்டு இறங்க மறுத்துவிட்டது. ராஜா ஏழு குவியலையும் அதன் முன்னால் ஒருமுறை போட்டுக் காட்டிய பிறகுதான் இறங்கியது.

இத்தனையும் தம் வாயால் எனக்குச் சொன்ன அந்த ஒருவர், பதினாறாம் வாய்ப்பாட்டைத் தவிர வேறு ஒரு சொல்லும் பேசத் தெரியாத அந்தக் கிளி.