இலந்தைக்கு ஒரு முள் வளைந்த கதை

அந்தக் காலத்தில் ஆடும் பேசும், நண்டும் பேசும், மரமும் பதில் சொல்லும். இலந்தை மரத்துக்கு இப்போது போலவே அப்போதும் கணுவுக்கு இரண்டு முள். ஆனால் இரண்டுமே நேர் முள். விறைத்துக்கொண்டு நிற்கும். ஆடு மாடு எதுவும் கிட்டே வராது, ஒரு செவலை ஆட்டைத் தவிர. அதற்கு மட்டும் உதட்டைக் குவித்து, முள்ளுக்கு நடுவில் இருக்கிற கொழுந்தைப் பறிக்கத் தெரியும். இலந்தைக்கு அந்த ஆட்டைக் கண்டாலே ஆகாது.

செவலை ஒரு குட்டி போட்டது. மூன்றாம் நாள் காட்டுப்பன்றி ஒன்று குட்டியைப் பார்த்து ஓடிவந்தது. செவலை குறுக்கே போய் நின்றது. பன்றி அதன் வயிற்றோரத்தைப் பல்லால் ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்துவிட்டுப் போனது.

எட்டுகிற தூரத்தில் இருந்த நிழல் இலந்தை நிழல்தான். செவலை அங்கே வந்து படுத்தது. படுத்திருந்தால் காயம் மூடியிருக்கும். எழுந்து நின்றால் வாயைத் திறந்துகொள்ளும். படுத்தால் மடி அடியில் போய்விடுகிறது, குட்டிக்கு எட்டவில்லை. குட்டி சுற்றிச் சுற்றி வந்து கத்தியது. பொழுது ஏற ஏறக் கத்துகிற சத்தம் சின்னதாகிக்கொண்டே வந்தது.

பக்கத்தில் ஒரு அத்திக் கன்று. அதில் இரண்டு இலையைச் சேர்த்துத் தைத்து, தையல்சிட்டு கூடு கட்டியிருந்தது. அது இறங்கி வந்து பார்த்தது.

“யக்கா, நான் தைச்சு விடவா?”

“சதையையா?”

“கிழிசல்னா கிழிசல்தானக்கா. இலையில என்ன, வயித்துல என்ன.”

சிட்டிடம் பஞ்சு நூல் இருந்தது. முள் வேண்டும். இலந்தையிடம் போய், “மாமா, ஒரு முள் குடுங்க” என்றது.

“நேத்துகூட அவ என் கொழுந்தைத் தின்னுட்டுப் போனா. உண்டா இல்லையான்னு கேளு.”

“உண்டு. நல்லாத்தான் இருந்துச்சு” என்றது செவலை, படுத்தபடியே.

இலந்தை கிளையை ஒரு உலுக்கு உலுக்கியது. ஒரு காய்ந்த முள்ளை உதிர்த்தது.

சிட்டு நூலை முள்ளில் கட்டியது. இலையைத் தைக்கிற மாதிரியே இந்தப் பக்கம் குத்திவிட்டு, அந்தப் பக்கம் போய் முனையை இழுக்கலாம் என்று பார்த்தது. முனை வரவில்லை. இன்னும் கொஞ்சம் அமுக்கியது. அப்போதும் வரவில்லை. செவலைக்கு நாலு காலும் உதறியது.

ஓடையிலிருந்து ஏறி வந்த நண்டு இதைப் பார்த்துவிட்டது.

“நிறுத்து புள்ள. அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு நெனச்ச?”

“இலைக்கு இருக்கிற மாதிரி...”

“இலைக்கு ரெண்டு பக்கம். உடம்புக்கு வெளிப்பக்கம் ஒண்ணுதான். உள்ள குடல் இருக்கு. இன்னும் ஒரு விரக்கடை போயிருந்தா நீ தைச்சிருக்க மாட்ட, கொன்னிருப்ப.”

சிட்டு பயந்துபோய் முள்ளை உருவியது. “இப்ப என்னண்ணே செய்ய?”

“உள்ள போன முள்ளு பக்கத்துலயே திரும்பி மேல வரணும். அதுக்கு முள்ளு வளைஞ்சிருக்கணும்.”

நண்டு அந்த முள்ளைக் கொடுக்கால் பிடித்து வளைத்தது. பட்டென்று ஒடிந்தது. கீழே கிடந்ததில் இன்னொன்றை எடுத்தது. அதுவும் ஒடிந்தது.

“காஞ்சது வளையாது. மரத்துல பச்சையா இருக்கும்போதே தானா வளைஞ்சாத்தான்” என்று சொல்லி நண்டு மேலே பார்த்தது. சிட்டும் பார்த்தது.

“என்னையா பாக்கீங்க? எனக்குக் கிளைக்கு ஒரு புத்தி கிடையாது. ஒரு முள்ளு வளைஞ்சா உடம்பு பூரா வளையும். அப்புறம் நிமிராது. ஊர் ஆடெல்லாம் வந்து என்னை மொட்டையடிச்சிட்டுப் போகும். முதல்ல வர்றவ இவளாத்தான் இருப்பா” என்றது இலந்தை.

“வர மாட்டேன்னு சொல்லிரு யக்கா” என்று சிட்டு காதில் சொன்னது.

“எப்படிச் சொல்ல? தின்னாத்தான் பால் ஊறும். வரத்தான் செய்வேன்” என்றது செவலை.

அதற்குள் குட்டி தள்ளாடித் தள்ளாடி நடந்து இலந்தையின் அடிமரத்துக்குப் போனது. பசியில் அதற்கு எது மடி என்று தெரியவில்லை. மரத்தைத் தலையால் முட்டியது. பட்டையை வாயால் தேடியது. மறுபடி முட்டியது.

அதுவரைக்கும் இலந்தையை வெட்ட வந்திருக்கிறார்கள், உலுக்க வந்திருக்கிறார்கள். பால் கேட்டு யாரும் முட்டியதில்லை.

“பாதிதான் தருவேன். கணுவுக்கு ஒண்ணு வளையும், ஒண்ணு எனக்குக் காவலுக்கு வேணும்” என்றது இலந்தை.

மரம் முழுக்க நறநறவென்று ஒரு சத்தம். கணுவுக்குக் கணு ஒரு முள் அப்படியே நிற்க, பக்கத்து முள் பிறை மாதிரி வளைந்தது.

இலந்தை உதிர்த்துக் கொடுத்த வளைந்த முள்ளில் சிட்டு நூலைக் கட்டியது. ஆனால் அதை அலகால் தள்ள முடியவில்லை, வழுக்கியது. அதனால் நண்டே கொடுக்கில் பிடித்துக்கொண்டது. கொடுக்கைச் சுழற்றியதும் முள் காயத்தின் இந்த ஓரத்தில் மேலாக நுழைந்து, அந்த ஓரத்தில் தலை நீட்டியது. சிட்டு நூலை இழுத்தது. இழுத்த கையோடு அடுத்த குத்துக்குப் போகப் பார்த்தது.

“ஒண்ணொண்ணா முடிச்சுப் போட்டு நூலை அறு. ஒண்ணு விட்டாலும் மத்தது பிடிச்சுக்கும்” என்றது நண்டு.

ஏழு தையல் ஆனது. ஐந்தாவது தையலில் இலந்தை சொன்னது: “இத்தனை நாள் என் முள்ளுக்குத் தப்பித் தின்னியே, இப்ப ஓடு பாப்போம்.”

“சிரிக்க வைக்காத. இழுக்குது” என்றது செவலை.

ஏழாவது முடிச்சு விழுந்ததும் செவலை முன்காலை ஊன்றியது. பிறகு பின்காலை. நின்றது. காயம் திறக்கவில்லை. குட்டி அடியில் நுழைந்து ஒரு முட்டு முட்டியது. அதன் வால் ஆட ஆரம்பித்த பிறகுதான் சிட்டு கூட்டுக்குப் போனது.

பத்து நாள் கழித்து, சொன்னபடியே செவலை கொழுந்து தின்ன வந்தது. தின்றுவிட்டுத் திரும்பும்போது ஒரு வளைந்த முள் அதன் மயிரைப் பிடித்துக்கொண்டது.

“விடு, போகணும்.”

“பொறு. தையல் பிரிஞ்சிருக்கான்னு பாத்துக்கிறேன்” என்றது இலந்தை.

அன்றைக்கு வளைந்ததுதான், இலந்தையில் ஒரு முள் நேராகவும் பக்கத்து முள் வளைந்தும் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் சதை தைக்கிற ஊசி வளைந்திருப்பதும், டாக்டர் அதை விரலால் பிடிக்காமல் இடுக்கியால் பிடிப்பதும் அதனால்தான். இலந்தை ஓரமாக யார் போனாலும் அது சேலையைப் பிடித்து நிறுத்தும். பிடுங்கி இழுக்கக் கூடாது. கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். அது பார்த்துவிட்டு விட்டுவிடும்.