ரெண்டு காதும் தெரிய வேண்டும்

குரு என்றதும் தாடியையும் மரத்தடியையும் தேடாதீர்கள். இந்தக் குருவின் பெயர் ரோஸ்லின். ஒரு தமிழ்த் தினசரியில் புகைப்படப் பிரிவின் தலைவி. வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. இருபது வருஷமாக யார் என்ன கேட்டாலும் நேராகப் பதில் சொன்னதே இல்லை. சொன்னால் பல் வலிக்குமோ என்னவோ.

சீடன் நவநீதன், இருபத்து நாலு வயசு. பத்திரிகைக்காகப் படம் எடுக்க முதல் தடவையாக வெளிநாடு போகிறான். புயல் புரட்டிப் போட்ட ஒரு தீவு நாடு. நாட்டின் பெயர் நமக்கு வேண்டாம், போய் வந்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். விசா மனுவை அன்று பகல் பன்னிரண்டு மணிக்குள் கொடுத்தாக வேண்டும். தவறினால் பயணமே இல்லை. அவன் அம்மாவோ தெரு முழுக்கச் சொல்லி முடித்து, பக்கத்துத் தெருவுக்கும் போய்விட்டாள்.

ரோஸ்லினோடு விசா அலுவலகத்துக்குப் போகிற ஆட்டோவில் அவன் கேட்டான்.

"அக்கா, எல்லாத்தையும் பறிகொடுத்துட்டு நிக்கிற ஜனங்களை எப்படி எடுக்கணும்?"

"போட்டோ கொண்டு வந்திருக்கியா?"

"எந்த போட்டோ?"

"உன் போட்டோடா. விசாவுக்கு."

"நானே எடுத்துட்டேன்க்கா" என்று உறையைத் தட்டிக் காட்டினான். பெருமை தாங்கவில்லை.

கவுன்ட்டரில் இருந்த பெண் அந்தப் படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"சார், பாதி மூஞ்சிதான் இருக்கு. மீதி எங்கே?"

"அது நிழல்ல இருக்குங்க. ஜன்னல் வெளிச்சம். இதை எடுக்க மூணு மணி நேரம் ஆச்சு."

"நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்களுக்கு ரெண்டு காதும் தெரியணும். பின்னாடி வெள்ளையா இருக்கணும், சிரிக்கக் கூடாது. எதிர்லயே கடை இருக்கு, ஓடுங்க."

மணி பதினொன்றே கால்.

எதிரே காஜா பாயின் ஜெராக்ஸ் கடை. ரோஸ்லினும் பின்னாலேயே வந்தார். பாய் அவனை ஸ்டூலில் உட்கார வைத்தார். சந்தையில் கத்திரிக்காயைத் திருப்பிப் பார்ப்பது போலத் தாடையைப் பிடித்துத் திருப்பினார். "முடியை ஒதுக்கு. கண்ணைத் திற. அசையாதே." முடிந்தது.

பிரிண்டரிலிருந்து வந்த முகத்தைப் பார்த்ததும் நவநீதனுக்குப் பகீரென்றது.

"யாரு பாய் இது? கோழி திருடி மாட்டிக்கிட்டவன் மாதிரி இருக்கான்!"

"நீதான் தம்பி. காது ரெண்டும் இருக்கு, எண்ணிக்கோ."

"லைட்டைக் கொஞ்சம் இடது பக்கம் நகர்த்தினா..."

"நகர்த்தினா மறுபடியும் பாதி மூஞ்சி. முப்பது வருஷமா எடுக்கறேன் தம்பி. இங்க எடுத்த போட்டோ ஒருத்தனுக்கும் பிடிச்சதில்லை. ஒருத்தனுக்கும் விசா நின்னதில்லை."

இரண்டாவது படத்தில் முழி பிதுங்கியது. மூன்றாவதில் இருந்தவனுக்கு நாலு நாளாகக் காய்ச்சல். ஒவ்வொன்றையும் நவநீதன் கசக்கிக் கசக்கிப் போட்டான். பாய் தலையில் அடித்துக்கொண்டு நாலாவதை வெட்டி நீட்டினார். பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருந்தது.

"இது நான் இல்லைக்கா! நான் சிரிச்ச முகம், யாரை வேணா கேளுங்க. இதைக் கொடுக்கவே மாட்டேன், அந்தப் பயணமே போகட்டும்!" நிஜமாகவே அவன் கண் கலங்கிவிட்டது.

ரோஸ்லின் கிராம்பைத் துப்பினார்.

"போன கோடையில குடிசைங்க தீப்பிடிச்சப்போ ஒரு அம்மாவை எடுத்தியே. ரெண்டு கையையும் தலையில வெச்சுக்கிட்டு, வாயைத் திறந்து அழுதுக்கிட்டு."

"ஆமாக்கா. முதல் பக்கத்துல வந்துச்சு. அதைப் பார்த்துட்டுத்தானே என்னை இப்போ அனுப்பறாங்க."

"அடுத்த வாரமே அந்தம்மா ஆபீசுக்கு வந்துச்சு. அன்னிக்கு நீ லீவு. பேப்பரை என் மேசையில விரிச்சு, 'இது நான் இல்லைம்மா'ன்னுச்சு."

நவநீதன் நாலாவது படத்தை மறுபடியும் குனிந்து பார்த்தான்.

"நேரமாகுது தம்பி" என்றார் பாய். இந்தத் தடவை அதட்டவில்லை.

நவநீதன் படத்தை எடுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்து ஓடினான். இரண்டு நிமிஷம் மிச்சமிருக்க மனு உள்ளே போனது. கவுன்ட்டர் பெண் படத்தைப் பார்த்து, "இதுலதான் சார் நீங்க அம்சமா இருக்கீங்க" என்றாள். அவன் சிரிக்கவில்லை.

திரும்பி வந்தபோது ரோஸ்லின் கடை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவனுக்கும் ஒரு டீ வாங்கி வைத்திருந்தார். அதை அவன் தொடவில்லை.

"அக்கா, அந்தம்மா வேற ஏதாவது சொன்னாங்களா?"

"சொல்லுச்சு. 'நான் சிரிச்சா கன்னத்துல குழி விழும்மா. அந்தத் தம்பி நாலு நாள் கழிச்சு இன்னொரு தடவை வந்திருந்தா பார்த்திருக்கும்'னு சொல்லுச்சு."