ஆமை பிளேடுக்குப் பூஜ்யம்

"சாமி, உலகத்துலயே நல்ல பிளேடு எது?"

சுபேதார் பால்வண்ணம் இப்படிக் கேட்டபோது இளைய சாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"எதுக்குக் கேக்கீங்க?"

"ரெண்டு வருஷமா என்னைக் கவுத்தது பிளேடுதான் சாமி. இந்த வருஷம் ஏமாற மாட்டேன்."

அந்த மலையடிவார மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. காவி வாங்க நினைப்பவர் தை மாதப் பௌர்ணமியன்று காலையில் குளத்துப் படியில் உட்கார்ந்து தன் தலையைத் தானே மழித்துக்கொள்ள வேண்டும். முகம் பார்க்கும் கண்ணாடி கூடாது. மூக்குக் கண்ணாடியும் கூடாது. பிளேடு குரு கொடுப்பது. இன்ன பிளேடு என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டார். தோளில் ஒரு வெள்ளைத் துண்டு போடுவார்கள். மழித்து முடித்ததும் அந்தத் துண்டில் ஒரு சொட்டு இரத்தம் இருந்தாலும், "அடுத்த தையில பாப்போம்" என்று குரு எழுந்து போய்விடுவார்.

சுபேதாரின் துண்டில் முதல் வருஷம் மூன்று சொட்டு. இரண்டாம் வருஷம் ஐந்து.

இதில் அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்பது அவரைத் தெரிந்தவர்களுக்குத்தான் புரியும். முப்பது ஆண்டு பட்டாளத்தில் இருந்தவர். பனியிலும் பாலைவனத்திலும் ஒரு நாள்கூடத் தாடியோடு அணிவகுப்பில் நின்றதில்லை. ஒரே ரேசர், ஒரே கம்பெனி பிளேடு. அதிலும் ஒரு பிளேடை வைத்துப் பதினைந்து நாள் ஓட்டுவார். முகத்தில் ஒரு கீறல் கிடையாது. இதைச் சொல்லாமல் அவர் யாரோடும் ஐந்து நிமிடம் பேசியதில்லை.

அவருக்கு வயது அறுபத்திரண்டு. இளைய சாமிக்கு நாற்பது. பெரிய சாமி சமாதியான பிறகு பொறுப்புக்கு வந்தவர் என்பதால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. மடத்தில் எல்லோரும் அவர் காலில் விழுந்து எழுவார்கள். சுபேதார் மட்டும் குதிகாலைச் சேர்த்து, நெஞ்சை நிமிர்த்திக் கைகூப்புவார்.

"முட்டி மடங்க மாட்டேங்கு சாமி" என்பார்.

அதே முட்டியோடுதான் தினமும் மலையேறிப் பூப்பறித்து வருவார். இளைய சாமி அதைப் பற்றி ஒன்றும் கேட்டதில்லை.

"கடையில கிடைக்கிற பிளேடு எல்லாத்தையும் பரீட்சை பண்ணிப் பாத்திரட்டுமா சாமி? தைப் பௌர்ணமிக்கு இன்னும் அம்பது நாள் இருக்கு."

"தாராளமா. பரீட்சை வைங்க."

"மார்க் போட்டு நோட்டுல எழுதுதேன்."

"எழுதுங்க. எனக்கும் காட்டுங்க."

மடைப்பள்ளி பார்க்கும் சுடலையாண்டி தென்காசிக்குப் பருப்பு வாங்கப் போனபோது ஐந்து வகை பிளேடு வாங்கி வந்தார். ஒவ்வொன்றுக்கும் எட்டு நாள் என்று சுபேதார் வகுத்துக்கொண்டார். தலைமுடி தைக்கு வேண்டும் என்பதால் பரீட்சையெல்லாம் தாடியில்.

முதலில் வந்தது கறுப்புத் தாள் சுற்றியது. எஃகின் நடுவே ஒரு ஆமைப் படம் பொறித்திருக்கும். முதல் நாளே கன்னத்தில் ஒரு கோடு போட்டது. மறுநாள் தாடைக்குக் கீழே. மூன்றாம் நாள் மேலுதடு. எட்டு நாளில் ஏழு காயம். படிகாரக் கல் பாதி கரைந்துவிட்டது. சுபேதார் முகத்தில் பஞ்சை ஒட்டிக்கொண்டு நோட்டில் எழுதினார்: 'ஆமை. பத்துக்குப் பூஜ்யம். கொலைகாரப் பயல்.'

அடுத்தது சிவப்புத் தாள். 'இரண்டு. முரடு. தாடைக்குக் கீழே மெதுவாகப் போகவும்.'

பிறகு நீலத் தாள். 'ஐந்து. அழுத்தினால் கோபம் வருகிறது. ரேசரின் கனமே போதும்.'

மஞ்சள் தாள். 'ஏழு. பரவாயில்லை. முடி எந்தப் பக்கம் சாய்கிறது என்று முதலில் தடவிப் பார்த்துவிட்டால் சொன்ன பேச்சு கேட்கிறது.'

கடைசியாகப் பச்சைத் தாள். எட்டு நாளும் ஒரு கீறல் இல்லை. படிகாரக் கல்லை எங்கே வைத்தோம் என்றே அவருக்கு மறந்துபோயிற்று. 'பத்துக்குப் பத்து. பிளேடு என்றால் இது பிளேடு' என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டார்.

"அண்ணாச்சி, இப்பல்லாம் சத்தமே கேக்கலியே?" என்றார் சுடலையாண்டி. "முன்னால நீங்க சவரம் பண்ணுனா மடைப்பள்ளி வரைக்கும் தேங்கா துருவுத மாதிரி கேக்கும்."

"பச்சைத் தாளுடே! சும்மாவா?"

நோட்டை இளைய சாமி பக்கம் பக்கமாக வாசித்தார். ஒரு எழுத்தை விடவில்லை.

"ஆமைக்குப் பூஜ்யமா?"

"பூஜ்யமே அதிகம் சாமி."

"இந்தத் தைக்கு எது வேணும்?"

சுபேதார் தொண்டையைச் செருமினார். "வழக்கம் தெரியும் சாமி. கேக்கக் கூடாது. ஆனாலும் மூணாவது தடவை. பச்சைன்னா நல்லாருக்கும்."

"பச்சைத் தாள்லயே தாறேன்" என்றார் சாமி. நோட்டைத் திருப்பிக் கொடுக்காமல் மடியில் செருகிக்கொண்டார்.

பௌர்ணமியன்று காலையில் குளத்தைச் சுற்றி நல்ல கூட்டம். 'இந்தத் தடவை துண்டில் ஒரு சொட்டும் விழாது, வந்து பாருங்கள்' என்று சுபேதார் எழுதிய கடிதத்தைப் பார்த்துவிட்டு அவருடைய பட்டாளத்து நண்பர்கள் நான்கு பேர் வேன் பிடித்து வந்திருந்தார்கள். கவலை துளியும் இல்லாத ஆள்தான் இப்படிக் கடிதம் எழுதுவான் என்று அவர்கள் பேசிக்கொண்டார்கள்.

இளைய சாமி பச்சைத் தாள் பொட்டலத்தை நீட்டினார். சுபேதார் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பழகிய விரல்கள் தாளைப் பிரித்து, பிளேடை ரேசரில் வைத்துத் திருகின. பிரஷ்ஷால் தலை முழுக்க நுரை ஏற்றினார். இடது கையால் முடியின் சாய்வைத் தடவி அறிந்தார். அந்தச் சாய்விலேயே ரேசரை விட்டார். அது தன் கனத்தில் தானே இறங்கியது.

காதுக்குப் பின்னால் வரும்போது கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. போன இரண்டு தடவையும் வெட்டிய இடம் அது. ரேசர் அங்கே ஒரு கணம் நின்று, வளைந்து, போய்விட்டது.

தலையைக் குளத்து நீரில் கழுவிவிட்டு எழுந்தார். துண்டை இரண்டு கையாலும் விரித்து, முன்னும் பின்னும் திருப்பிக் காட்டினார். மல்லிகைப்பூ மாதிரி இருந்தது. நண்பர்கள் விசில் அடித்தார்கள். அவருடைய நெஞ்சு இரண்டு அங்குலம் கூடுதலாக விரிந்தது. ஏன் விரியக் கூடாது?

"துண்டு சுத்தமா இருக்கே சுபேதார். யாரால?" என்று கேட்டார் இளைய சாமி.

"ரெண்டு பேரால சாமி. ஒண்ணு, பச்சை பிளேடு. இன்னொண்ணு, அதைக் கண்டுபிடிச்ச நான்."

கூட்டம் சிரித்தது. சாமியும் சிரித்தார்.

"மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கிடுங்க. ரேசரைத் திறங்க."

சுபேதார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரேசரைத் திருகினார். பிளேடை எடுத்து நீரில் அலசினார். வெயிலில் தூக்கிப் பார்த்தார்.

நடுவில் ஆமை இருந்தது.

"சாமி... சுடலை மாத்தி வச்சிட்டான்."

"அவர் மேல பழி போடாதீங்க. தாளை மாத்துனது நான்தான்."

"இது ஆமை சாமி! என்னை ஏழு இடத்துல வெட்டுன பய! இன்னைக்கு மட்டும் எப்படி..."

சாமி மடியிலிருந்து நோட்டை எடுத்தார்.

"பச்சையை எப்ப தொட்டீங்க?"

"கடைசி எட்டு நாள்."

"ஆமையை?"

"முத எட்டு நாள்."

"அப்புறம் ஒருக்காகூட அதைத் தொடலியா?"

"பூஜ்யம் வாங்குனவனை எதுக்கு சாமி திரும்ப..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். பிளேடைப் பார்த்தார். அதைப் பிடித்திருந்த தன் கையைப் பார்த்தார். அந்தக் கையை அவர் அதற்கு முன் பார்த்ததே இல்லை போலிருந்தது.

தலையை நிமிர்த்திக் கேட்டார்.

"அப்பம் நான் வச்ச பரீட்சை தப்பா சாமி?"

"பரீட்சையில ஒரு குறையும் இல்ல. நாப்பது நாளும் ஒழுங்கா நடந்திருக்கு." சாமி நோட்டை அவரிடம் நீட்டினார். "பரீட்சை எழுதுன ஆள்தான் மாறிப்போச்சு. படிச்ச பையன் வாத்தியாருங்களுக்கு மார்க் போட்டிருக்கான்."

கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை.

சுபேதார் நோட்டை வாங்கவில்லை. வெள்ளைத் துண்டைப் படியில் விரித்தார். ஆமை பிளேடை அதன் நடுவில் வைத்தார். பிறகு அந்த முட்டி, மூன்று வருஷமாக யாருக்கும் மடங்காத முட்டி, மடங்கியது. நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். இளைய சாமி நின்றது ஒரு ஓரமாக. சுபேதாரின் தலைக்கு நேரே துண்டும் பிளேடும்தான் இருந்தன.

சாமி காவித் துணியை உதறி அவர் முதுகில் போர்த்தினார்.

வேனில் வந்த நால்வரும் எழுந்து குதிகாலைச் சேர்த்து விறைப்பாக நின்றார்கள். பால்வண்ணம் அதைப் பார்க்கவில்லை. அவருடைய முகம் ஈரப் படியில் பதிந்திருந்தது.