கட்டம் போட்ட நீலச் சட்டை

சட்டக் கல்லூரியில் விசாரணைப் பயிற்சி நடத்தியவர் பிலவேந்திரன். அவருடைய மாணவி இசக்கியம்மாளுக்குத் தீராத சந்தேகம் ஒன்று இருந்தது.

"சார், சாட்சி பொய் சொல்றாரா, மறந்துட்டாரான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

வகுப்பின் மூலையில் கை உடைந்த நாற்காலி ஒன்று கிடந்தது. பயிற்சி நாள்களில் அதுதான் சாட்சிக் கூண்டு.

"கூண்டுல ஏறு" என்றார்.

ஏறி அமர்ந்தாள்.

"இந்த வருஷம் முதல் வகுப்புல நான் என்ன சட்டை போட்டிருந்தேன்?"

"நீலம், சார்."

"கோடா, கட்டமா?"

"கட்டம்."

"உறுதியா?"

"உறுதிதான் சார். முன்வரிசையிலல்லா இருந்தேன்."

"அன்னைக்கு நான் வரவே இல்லையே, தாயி. காய்ச்சல்ல படுத்திருந்தேன்."

வகுப்பு சிரித்து ஓய்ந்தது. அவர் சிரிக்கவில்லை.

"பொய் சொன்னியா, மறந்துட்டியா?"

இசக்கியம்மாளின் காது மடல்கள் சுட்டன. வீடு போய்ச் சேர்ந்த பிறகும் எதுவென்று அவளுக்கே தெரியவில்லை.

இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, பிலவேந்திரன் உண்மையான கூண்டில் நின்றார். இறந்துபோன நண்பரின் உயிலில் சாட்சிக் கையெழுத்து அவருடையது. உயில் செல்லுமானால் நண்பரின் மகள் சண்முகவடிவு, பிறந்த வீட்டை அண்ணனுக்கு விட்டுவிட்டு வெளியேற வேண்டும். சண்முகவடிவின் வழக்கறிஞர் இசக்கியம்மாள்.

நண்பர் கையெழுத்திட்டதை நேரில் பார்த்ததாக அவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். இசக்கியம்மாள் குறுக்கு விசாரணைக்கு எழுந்தாள்.

"எங்கே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார், சார்?"

சாட்சியைச் 'சார்' என்றழைத்த வழக்கறிஞரை நீதிபதி நிமிர்ந்து பார்த்தார்.

"அவர் வீட்டு ஊஞ்சல்ல. நான் பக்கத்துலதான் நின்னேன்."

"உயிலில் உள்ள தேதியன்றா?"

"ஆமா. அன்னைக்கேதான்."

அவள் மருத்துவமனைச் சான்றை நீட்டினாள். அந்த வாரம் முழுவதும் நண்பர் அங்கே உள்நோயாளியாக இருந்திருக்கிறார்.

பிலவேந்திரன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"அப்படின்னா நான் பார்த்தது வேற ஒரு நாளா இருக்கலாம். பார்க்காமலேயும் இருந்திருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியலை, ஐயா."

நீதிபதி அதை அப்படியே தட்டச்சருக்குச் சொன்னார்.

இசக்கியம்மாளின் குறிப்பேட்டில் இன்னொரு கேள்வி எழுதப்பட்டிருந்தது. பின்னாலிருந்து சண்முகவடிவு அவளுடைய அங்கியை இழுத்தாள்.

"பொய் சாட்சின்னு கேளுங்கம்மா. விட்டுராதீங்க."

இசக்கியம்மாள் கூண்டைப் பார்த்தாள். அவருடைய காது மடல்கள் சிவந்திருந்தன. அவள் குறிப்பேட்டை மூடினாள்.

"வேறு கேள்வி இல்லை."

மாதக் கடைசியில் தீர்ப்பு வந்தது. உயில் செல்லாது, வீட்டில் மகளுக்கும் பங்கு உண்டு.

அன்று மாலையே இசக்கியம்மாள் அவர் வீட்டுக்குப் போனாள். அவர் வெளுத்த சட்டை ஒன்றுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

"என்மேல வருத்தமா, சார்?"

"எதுக்கு?"

"எல்லார் முன்னாடியும் உங்களை..."

அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"அந்த நாற்காலியில வச்சு உன்னை ஒண்ணு கேட்டேனே, அதை நீ என்னைக் கேட்கலையேம்மா. கேட்டிருந்தா எனக்கும் பதில் தெரிஞ்சிருக்காது."