மைக்ராஸ்கோப்பில் ஒட்டிய சந்தனம்

தமயந்தி செய்யாத தப்புக்கு, கேள்வி விசாரணையில்லாமல் அவள் படிப்புக்கே உலை வைத்தார் சமுதாயக் கல்லூரித் தாளாளர் சபாபதி. தடயவியல் கூடத்தில் மைக்ராஸ்கோப் லென்ஸ் நொறுங்கிக் கிடந்தது. முதலில் உள்ளே வந்தவள் அவளாம், அது போதுமாம்!

சபாபதி உறுமினார்: "நான் இதை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. நீ உடைக்கலைன்னா யாருன்னு இப்பவே காட்டு. இல்லை, டிசியை வாங்கிட்டுக் கிளம்பு!"

தமயந்தி குனிந்தாள். கண் வைத்துப் பார்க்கும் குழாயின் விளிம்பில் ஈரம் காயாத சந்தனம். தொட்டவன் எதையாவது விட்டுவிட்டுத்தான் போவான் என்று போன வாரம் படித்த பாடம், இதோ, கண்ணெதிரே மணக்கிறது!

அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஐயா, உங்க நெத்திப் பொட்டுல பாதியைக் காணோமே. மீதி இங்க பத்திரமா இருக்கு, எடுத்துக்கிறீங்களா?"