பூனை சொன்ன தீர்ப்பு

முன்னொரு காலத்தில் வெண்ணாற்றூரைக் கண்டவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் காலையில் ஒன்று தோன்றும், மத்தியானம் வேறொன்று தோன்றும். இரண்டையும் உடனே செய்து முடித்தாக வேண்டும். அவரிடம் மந்திரியாகக் காலம் தள்ள மூளையும் வேண்டும், நல்ல ஜீரண சக்தியும் வேண்டும். மந்திரி ஆராவமுதருக்கு இரண்டும் இருந்தன.

ஒருநாள் சிங்காதனத்தில் உட்கார்ந்ததும் ராஜா மூக்கைச் சுளித்தார்.

"இதென்ன நாற்றம்?"

சபையில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சேனாபதி யாரும் பார்க்காதபோது தம் அக்குளை முகர்ந்து பார்த்தார். அவர் பக்கத்தில் இருந்த புலவர் மெல்லத் தள்ளி உட்கார்ந்தார். கடைசியில் காவலாளி ஒருவன் குனிந்து தடவிவிட்டு, "கம்பளம் ஈரமா இருக்குங்க மகாராஜா. பூனை வேலைங்க" என்றான்.

பட்டு என்கிற அந்தப் பூனை ஆராவமுதர் வீட்டில் வளர்ந்தது. எலிகள் ராஜாவின் மெத்தையைக் கடித்துப் பஞ்சாய்ப் பறக்கவிட்ட சமயத்தில், மனசே இல்லாமல் அரண்மனைக்குக் கொடுத்திருந்தார். சபை நடக்கும்போது அது அவர் காலடியில்தான் வந்து படுக்கும்.

சுகந்தராயருக்கு வாயெல்லாம் பல். அவர் அரண்மனை வாசனைத் திரவியங்களுக்கு அதிகாரி. மந்திரி பதவி தமக்கு வராமல் போன வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

"பூனை மந்திரியாருடையது மகாராஜா. அப்படியானால் நாற்றமும் அவருடையதுதானே?"

ராஜாவுக்கு இந்த நியாயம் பிடித்துவிட்டது.

"சபாஷ்! பூனை என் சிங்காதன மேடையில் இருபுறமும் வஞ்சனையில்லாமல் பெய்து வைத்திருக்கிறது. கம்பளம், பலகை, திண்டு எதுவும் மிச்சமில்லை. இடதுபக்கம் மந்திரிக்கு, வலதுபக்கம் ராயருக்கு. நாற்றத்தைப் போக்குகிறவர்தான் இனி மந்திரி. ஆராவமுதரே, நீர் தோற்றால் பூனையைத் தூக்கிக்கொண்டு நாட்டைவிட்டே போய்விடும்!"

ஆராவமுதருக்குப் பகீரென்றது. பிறந்த ஊரை விட்டு இந்த வயதில் எங்கே போவது? ஆனாலும் முகத்தில் காட்டிக்கொள்ளாமல் வேட்டியை மடித்துக் கட்டினார்.

ராயர் பன்னீரைக் குடம் குடமாய்க் கொட்டினார். அதன்மேல் அத்தர், அதன்மேல் சந்தனக் குழம்பு, எல்லாவற்றுக்கும் மேலே புனுகு. புனுகு என்ன பழத்திலிருந்தா வருகிறது? அதுவும் ஒரு பூனையிடம் எடுத்ததுதான். அதைச் சொல்ல அங்கே யாருக்கும் துணிச்சல் இல்லை.

மந்திரியோ நன்றாகப் புளித்த காடியைப் பானையில் கொண்டுவந்தார்.

"என்ன மந்திரியாரே, பழைய சோற்றுத் தண்ணீரா? ஊறுகாய் அனுப்பட்டுமா?" என்றார் ராயர்.

"அனுப்புங்கள் ராயரே. வேலை முடிந்ததும் பசிக்கும்."

பழைய துணியை வைத்து ஈரத்தை அழுத்தி எடுத்தார். கம்பளத்தில் காடியை ஊற்றி நன்றாக ஊறவிட்டு, ஆற்றில் அலசி, இரண்டு பக்கமும் வெயிலில் காயப்போட்டார். பலகைகளைப் பெயர்த்துப் பார்த்தால் அடிப்பக்கம் வரை இறங்கியிருந்தது. அதையும் காடியால் தேய்த்துக் கழுவிக் காயவைத்தார். திண்டில் இருந்த பஞ்சை எறிந்துவிட்டுப் புது இலவம்பஞ்சு அடைத்தார்.

சோதனை நாள் வந்தது. ராஜா முதலில் வலதுபக்கம் மூச்சை இழுத்தார்.

"ஆகா, நந்தவனம்!"

பிறகு இடதுபக்கம் குனிந்தார். மறுபடியும் குனிந்தார்.

"இங்கே ஒன்றுமே இல்லையே!"

"போக்கத்தானே சொன்னீர்கள் மகாராஜா? போய்விட்டது" என்றார் ஆராவமுதர்.

"ஒன்றுமில்லாததற்கு மந்திரி பதவியா?" என்று ராயர் சிரித்தார். சபையும் ராயர் பக்கமே தலையாட்டியது. அத்தர் நெடியில் அத்தனை பேர் மூக்கும் செத்துப்போயிருந்தது. ராஜா ராயருக்குக் கொடுக்க முத்திரை மோதிரத்தைக் கழற்றப் போனார். ஆராவமுதர் சட்டென்று முன்னால் வந்தார்.

"ஒரு விண்ணப்பம் மகாராஜா. இந்த நாற்றத்தை நம் எல்லாரையும்விட நன்றாக அறிந்தவர் ஒருவர் இருக்கிறார். அவரைக் கேட்டுவிடலாம்."

பட்டுவைக் கொண்டுவந்து மேடையில் விட்டார்கள். ராயர் வெற்றிக் களையோடு வலதுபக்கத்திலேயே நின்றிருந்தார். பூனை அங்கே போய்த் தும்மியது. சந்தனத்தைப் பிராண்டி, அதன் அடியில் முகர்ந்தது. தன் பழைய இடம் தெரிந்துவிட்ட நிம்மதி அதன் முகத்தில் வந்தது. திரும்பி நின்று வாலைத் தூக்கிப் பீச்சியதில், ராயரின் பட்டு வேட்டி முழங்கால் வரை நனைந்தது.

பிறகு அது இடதுபக்கம் வந்தது. தேடித் தேடி முகர்ந்தது. பழைய இடத்தின் வாடையே இல்லை. சோம்பல் முறித்து, சுருண்டு, தூங்கிவிட்டது.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சேனாபதிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

"ராயரே, மிச்சக் காடி பானையில் இருக்கிறது. இனி வலதுபக்கத்தை நீரே தேயும்! ஆராவமுதரே, பதவி உம்முடையதுதான். வேறு என்ன பரிசு வேண்டும்?"

"கொஞ்சம் மணல் மகாராஜா."

"மணலா? எதற்கு?"

"பட்டு ஒதுங்குவதற்கு. பின்கட்டு மணல் முற்றத்தைச் சலவைக்கல்லால் மூட வேண்டும் என்று போன மாதம் தங்களுக்குத் தோன்றியது. மூடிவிட்டார்கள். பாவம், இது அரண்மனை முழுக்க மணல் தேடி அலைந்திருக்கிறது."

சபையில் சிரிப்பு நின்றது. ராஜாவின் தவறை ராஜாவிடமே யாரும் அதுவரை சொன்னதில்லை.

"அதற்காக என் சிங்காதனத்துக்கா வரவேண்டும்?" என்று ராஜா உறுமினார்.

"குறையுள்ள பிரஜைகள் வேறெங்கே வருவார்கள் மகாராஜா?"

ராஜாவின் முகம் சிவந்தது. மந்திரியை முறைத்தார், பிறகு தூங்குகிற பூனையைப் பார்த்தார். மெதுவாக எழுந்து இறங்கி வந்து, அதன் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"உன் மனு ஏற்கப்பட்டது" என்றார்.

பட்டு கண்ணைத் திறக்கவே இல்லை.