மண்ணெண்ணெய் ஊற்றிய பசை

கிட்ட வந்து உட்காருங்க. இது ரெண்டு கோபக்காரங்க கதை. தள்ளி உட்கார்ந்தா சத்தம்தான் கேட்கும்.

ஆம்பூரில் எஸ்தர் என்று ஒருத்தி செருப்புப் பட்டறை வைத்திருந்தாள். அவளிடம் தொழில் கற்க வந்தவர் தேவசகாயம். அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர். கோபம் மட்டும் இளவட்டம்.

அன்று காலை எஸ்தர் ஒரு செருப்பின் அடித்தோலைப் பிடித்து இழுத்தாள். வாழைப்பட்டை மாதிரி உரிந்து வந்தது. அடுத்ததும் அப்படியே.

"பசையில எதை ஊத்தினீங்க அண்ணே?"

"கெட்டியா இருந்துச்சு. மண்ணெண்ணெய் ஊத்தினேன். நல்லா கரைஞ்சுதே!"

"கரைஞ்சுது. ஒட்டுச்சா?" செருப்பைச் சுவரில் வீசினாள். "பசை கரைக்கிற தின்னர் டப்பா கண்ணு முன்னாடி இருக்கு. புத்தி எங்க போச்சு?"

"மக வீட்டுலதான்!" அவரும் கத்தினார். "புருஷன் பொண்டாட்டி சண்டையை நான்தான் பேசித் தீர்த்தேன். மறுபடி முறுக்கிக்கக் கூடாதேன்னு ஆறு மாசமா அங்கேயே கிடக்கிறேன். குழம்புல உப்புக்குக்கூட நான்தான் பஞ்சாயத்து. இப்போ மாப்பிள்ளை வீட்டை விட்டே போறேங்கறான், நன்றிகெட்டவன்! நான் என்ன தப்பு செஞ்சேன், சொல்லுங்க மேஸ்திரி!"

எஸ்தர் பசை டப்பாவைத் திறந்தாள். ரெண்டு கிண்ணத்தில் பசை எடுத்தாள். ஒன்றில் மண்ணெண்ணெய், மற்றதில் தின்னர். ரெண்டும் இளகின. தனித்தனி ஜோடித் தோலில் தடவிக் காற்றில் வைத்தாள்.

"மோந்து பாருங்க."

"ரெண்டும் மூக்கைப் பிடுங்குது."

பொறுத்திருந்து, "இப்போ?" என்றாள்.

"தின்னர் வாசனை போயிடுச்சு. மண்ணெண்ணெய் அப்படியே நிக்குது."

ஒவ்வொரு ஜோடியையும் சேர்த்து வைத்துச் சுத்தியால் தட்டி அவரிடம் வீசினாள். மண்ணெண்ணெய் ஜோடி விரல் பட்டதுமே வழுக்கிப் பிரிந்தது. தின்னர் ஜோடியைக் கழுத்து நரம்பு புடைக்க இழுத்தார். அசையவில்லை.

"ரெண்டும் நல்லாத்தானே கரைச்சுது?"

"ஆமா அண்ணே. ஒண்ணு கரைச்சுட்டுக் கிளம்பிடுச்சு."

தேவசகாயத்தின் முகம் சிவந்தது. திட்ட வாயெடுத்தவர், பிரிந்த ஜோடியை மறுபடி மோந்து பார்த்தார்.

சாயங்காலம் மகள் வீட்டுக்குப் போனபோது, மாப்பிள்ளை பையும் கையுமாக வாசலில் நின்றான். மகள் உள்ளே அழுதுகொண்டிருந்தாள். தேவசகாயத்துக்குக் கோபம் ஆறியிருக்கவில்லை. பையை வெடுக்கென்று பிடுங்கினார். அதிலிருந்த அவன் துணிகளைக் கட்டிலில் கொட்டினார். ஆணியில் தொங்கிய தன் சட்டைகளை அதில் திணித்துத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார்.